முப்பது வயதுக்கு முந்திய தண்ணீர்

முப்பது வயது நிறையாத எந்தத் தலையில் ஊற்றினாலும், ஊற்றுகிறவர் ஹட்டன் சாமியாராக இருந்தாலும் சரி, ரோமாபுரிப் பாப்பரசராக இருந்தாலும் சரி, அது வெறும் தண்ணீர்தான். இந்த உண்மையைக் கிறிஸ்தவ உலகம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடமாகக் கவனிக்காமல் விட்டுவிட்டது. கவனித்த முதல் ஆள் லியனார்ட்.

அப்படித்தான் அவன் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். கோயில் வாசலில், பூசை முடிந்து ஜனங்கள் தங்கள் தங்கள் குடையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். கல்லுமலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து ஒற்றை ஆளாகப் படிப்பிக்கிற வாத்தியார் அவன். குரலுக்குக் குறைவில்லை.

ஆதாரமும் வைத்திருந்தான். ஆண்டவர் ஞானஸ்நானம் பெற யோர்தான் ஆற்றில் இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது, லூக்கா எழுதியிருக்கிறார். ஆண்டவரே முப்பது வருடம் பொறுத்திருக்க, கல்லுமலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு முப்பது நாளில் என்ன அவசரம்? நுவரெலியாவிலிருந்து துண்டுப் பிரசுரம் கொண்டுவரும் முழுக்குச் சபைக்காரர்கள்கூடப் பன்னிரண்டு வயதானால் ஒப்புக்கொள்வார்கள். லியனார்ட் அவர்களையும் கண்டித்துக் கடிதம் எழுதினான். பதில் வரவில்லை. பதில் வராததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு இப்போது இருபத்தொன்பது வயதும் எட்டு மாதமும். பிறந்த பதினோராம் நாள் தன் தலையில் விழுந்த தண்ணீரை ரத்துச் செய்துவிட்டான். நவம்பரில் முப்பது நிறைகிற அன்று மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் இறங்கி முழுகுவதாக ஏற்பாடு. பழைய மஸ்கெலியாப் பட்டணத்தையே முழுக்கிய தண்ணீர், தன்னை முழுக்கப் போதும் என்று இடமும் பார்த்து வைத்தாயிற்று. நீந்தத் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவும் வேடிக்கையாகவே போயிருக்கும், அன்று அவன் பேசியது தன் மகளைப் பற்றியதாக இல்லாவிட்டால்.

பன்னிரண்டு நாளைக்கு முந்திய அந்த ஞாயிறன்று பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள். லியனார்டின் மனைவி ஜோசப்பின், வெள்ளைச் சட்டை தைத்து, இசபெல் என்று பெயரும் யோசித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஹட்டனிலிருந்து சாமி வருவார். அந்த ஒரு ஞாயிறில், சாமி தண்ணீர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்த பிறகு, லியனார்ட் வாசலில் நின்று முடியாது என்றான். மூன்று கரண்டித் தண்ணீர், அரிசி களையக்கூடக் காணாது, அதை ஊற்றிப் பரலோகம் திறக்கிறீர்களா என்று கேட்டான். பெயரையும் அவள் முப்பது வயதில் தானே வைத்துக்கொள்வாள் என்றான். சாமி சண்டைக்காரர் அல்ல. தாயும் தகப்பனும் ஒருமனப்பட்டால் வருகிறேன் என்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் லியனார்ட் இன்னொரு காரியம் செய்தான். தன் மாமனாரை நினைத்துச் செய்தான்.

மாமனார் சூசைரட்ணம், அந்தக் கோயிலின் உபதேசியார். கிழமை நாளில், தேயிலைச் செடி வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் கவ்வாத்துக் கங்காணி. சாமி வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், சாவுக்கு மணி அடிப்பதும், சாமி வரும்வரை உயிர் நிற்காது போலிருக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலை. ஆபத்து நேரத்தில் யார் ஊற்றினாலும் அது செல்லும் என்பது சபையின் சட்டம். உபதேசியார்தான் வேண்டும் என்றுகூட இல்லை. ஞானோபதேசப் பரீட்சையில் முதற்பரிசு வாங்கிய லியனார்டுக்கு இது தெரியும். ஆகவே தான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அப்பனும் மகளும் சேர்ந்து ஊற்றிவிடக்கூடும் என்று கணக்குப் போட்டான். ஜோசப்பினின் வலது கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்து, நானும் ஊற்ற மாட்டேன், என் அப்பாவையும் ஊற்ற விட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான்.

ஜோசப்பின் சத்தியம் பண்ணினாள். பிறகு அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

தண்ணீர் விழாமலே பிள்ளை போய்விடுமோ என்ற அவள் பயத்துக்குக் காரணம் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அங்கே கல்லறைத் தோட்டம்; சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே மந்திரித்த மண். வேலிக்கு வெளியே, தேயிலை தொடங்குகிற இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு ஒரு மேடு. இரண்டு வருடத்துக்கு முன் பிறந்து இரண்டு மணி நேரம் இருந்த அவர்களுடைய முதற்பிள்ளை. ஆண் பிள்ளை. தண்ணீர் விழாத பிள்ளை. சட்டம் சட்டம்தான் என்று, சொந்தப் பேரனை வேலிக்கு வெளியே வைத்தவர் சூசைரட்ணம். குழியையும் அவரேதான் வெட்டினார். அதன் பிறகு மருமகன் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை.

இது வெள்ளிக்கிழமை. பிள்ளைக்கு நாற்பதாம் நாள்.

பத்து மணியளவில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா நாகலெட்சுமி மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. வாத்தியார் வீட்டுக்கு வரணுமாம், பிள்ளை விடியலிலிருந்து பால் குடிக்கவில்லையாம் என்றாள். யார் சொன்னது என்று லியனார்ட் கேட்டான். உங்கள் சம்சாரம்தான் என்றதும் அவன் சுண்ணக்கட்டியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினான். பன்னிரண்டு நாளில் அவள் அவனுக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை அது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராதான் அவன் வீடு. டிஸ்பென்சரி ஐயா அதற்குள் வந்து பார்த்திருந்தார். நெஞ்சில் சளி இறுகிவிட்டது, தன்னிடம் இருக்கிற மருந்து இதற்குக் காணாது, மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கொழுந்து லொறி காலையிலேயே போய்விட்டது. மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் ஜனங்கள் அலைந்துகொண்டிருந்த அந்த எழுபத்து நாலாம் வருடத்தில், வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுவரும் ஒரே வண்டி மஸ்கெலியாக் கடைக்காரர் பைஸருடையது. அன்றைக்கு அதில் பாதிச் சாமான்கூட இல்லை. பைஸர் மிச்ச மூட்டைகளை லயத்து வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு வேனைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

வாசல் படியில் சூசைரட்ணம் நின்றுகொண்டிருந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்புச் சாக்கில் கவ்வாத்துக் கத்தி அப்படியே இருந்தது. கையில் ஒரு சின்னப் போத்தல். அதில் என்ன இருக்கிறது என்று லியனார்டுக்குத் தெரியும்.

"மாப்ள," என்றார்.

லியனார்ட் நின்றான். தாத்தா மந்திரத் தண்ணீரோடு வந்துவிட்டாரா, இதுவும் வேலிக்கு வெளியே போய்விடும் என்று பயமா என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் கேட்டான்.

சூசைரட்ணம் போத்தலை மடியில் செருகிக்கொண்டு, உள்ளே போய், பிள்ளையைச் சுற்றியிருந்த கம்பளியை இன்னொரு சுற்றுச் சுற்றி மகளின் கையில் கொடுத்தார். வேனில் இடம் இருக்கிறது, நீங்களும் ஏறுங்கள் என்று பைஸர் சொன்னார். சூசைரட்ணம் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"நான் வரல மொதலாளி. நான் வந்தா மாப்ள புள்ளையப் பாக்க மாட்டாரு. என்னயத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு."

வேன் புறப்பட்டது.

பாதை கோயிலைச் சுற்றித்தான் இறங்குகிறது. கல்லறை வேலி இடது பக்கம் வந்தது, போனது. ஜோசப்பின் அந்தப் பக்கம் பார்த்தாள். லியனார்ட் முன்கண்ணாடியில் விழுகிற மழையைப் பார்த்துக்கொண்டு, இந்த மழைக்கு வைப்பர் வேலை செய்யாதது பெரிய குறை என்று பைஸரிடம் சொன்னான். பைஸர் ஆமாம் என்றார். அவன் பேச்சு அவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததைப் பைஸர் இதற்கு முன் பார்த்ததில்லை.

பிள்ளையின் மூச்சுத்தான் வேனுக்குள் கேட்டது. ஈரக் கடதாசியைக் கிழிப்பது போன்ற சத்தம். வளைவுகளில் நின்று நின்று வந்தது.

ஐந்தாவது மைலில் ஒரு ஏற்றம். ஏறி முடிப்பதற்குள் வேனின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பைஸர் ஓரம் கட்டினார். தண்ணீர் கொதித்துவிட்டது, கொஞ்சம் ஆறவிட்டு வேறு தண்ணீர் ஊற்றாமல் நகர்த்த முடியாது, பத்து நிமிடம் என்றார். பாதையோரத்தில் மலை இடுக்கிலிருந்து ஒரு தண்ணீர்ப் பீலி கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ மூங்கிலைப் பிளந்து வைத்திருந்தார்கள். பைஸர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மழை விட்டிருந்தது. லியனார்டும் இறங்கினான். நின்றான். பிறகு திரும்பி வந்து, திறந்த கதவுப் பக்கம் நின்றுகொண்டு உள்ளே பார்த்தான்.

"ஏங்க," என்றாள் ஜோசப்பின். "இவ மூச்சப் பாருங்க."

பார்த்தான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே, இனி வராதோ என்று நினைக்கிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. உதட்டைச் சுற்றி நீலம் ஏறியிருந்தது. கம்பளிக்குள் தெரிந்த நெற்றி, அவன் உள்ளங்கையில் பாதிகூட இல்லை.

"என் கையி வராது," என்றாள். "இந்தத் தலையில வச்சுத்தானே சத்தியம் வாங்குனீங்க. மீறி நான் ஊத்துனா அது இவ மேலதான் விழும்."

பிள்ளையை மார்போடு இன்னும் ஒட்டிப் பிடித்தாள்.

"நீங்க சத்தியம் பண்ணலயே."

லியனார்ட் பீலியைப் பார்த்தான். அது யாருக்காகவும் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணிதானே ஜோசப்பின் என்றான். கோயில் வாசலில் அதே வார்த்தையைச் சொன்ன குரல் இது அல்ல.

"வெறும் தண்ணின்னா ஊத்துறதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

முப்பது வயதுக் கொள்கைக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாமி கேட்டதில்லை. நுவரெலியாச் சபைக்காரர்கள் கேட்டதில்லை. லியனார்ட் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வந்த பதிலில் லூக்காவும் இல்லை, யோர்தானும் இல்லை.

"இவளுக்கு ஊத்துனா, அன்னைக்கு அவனுக்கு ஊத்தாம ஓடுனேனே, அது குத்தமாயிரும் புள்ள."

இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த மத்தியானம், குடத்தில் தண்ணீர் இருந்தது. பிள்ளைக்கு மூச்சுத் திணறியபோது அவன் பக்கத்திலேயே நின்றான். யார் ஊற்றினாலும் செல்லும் என்று பரீட்சையில் எழுதியவன், குடத்தைத் தொடாமல் மழையில் மூன்று மலை தாண்டி உபதேசியாரைத் தேடி ஓடினான். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது பிள்ளையின் முகத்தை மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். அதற்காக அவன் வேதாகமத்தையே ஒரு முறை முழுவதும் வாசித்தான்.

ஜோசப்பின் பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஓடிப் போயி அப்பாவக் கூட்டிட்டு வாங்கன்னு நான்தானே சொன்னேன்," என்றாள். "எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல. நீங்க என் பேச்சக் கேட்டுத்தான் ஓடுனீங்க."

அவன் அதை மறந்திருந்தான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

பைஸர் டின் நிறையத் தண்ணீரோடு வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கோயில் வாசலில் நடந்த கதை மஸ்கெலியாக் கடைத்தெருவில் ஏற்கனவே எல்லோருக்கும் தெரியும். அவர் புதிதாக எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

லியனார்ட் அவரைப் பார்த்தான். ஒரு கணம் பழைய லியனார்ட் தலை காட்டினான். சட்டப்படி கிறிஸ்தவன் அல்லாதவனும் ஊற்றலாம், மனசு மட்டும் சரியாக இருந்தால் போதும், பைஸர் நானா, நீங்கள் ஊற்றிவிடுங்கள் என்றான். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை.

பைஸர் டின்னை நீட்டியபடியே இருந்தார்.

"எங்கள்ல புள்ள பொறந்ததும் காதுல பாங்கு சொல்றது வாப்பா, வாத்தியார். அடுத்தவன் சொல்றது வாப்பா இல்லாட்டித்தான்." டின்னை அவன் கையில் வைத்தார். "ரேடியேட்டர் பொறுக்கும். நீங்க பிடிங்க."

பிறகு அவர் வேனின் மறுபக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

டின் கையைக் கடித்தது. ஜூலை மாதத்து மலைத் தண்ணீர். நெஞ்சில் சளி கட்டிய பிள்ளையின் தலையில் இதை எப்படி ஊற்றுவது? லியனார்ட் கொஞ்சம் தண்ணீரை இடது உள்ளங்கையில் எடுத்து, வலது கையால் மூடி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். விரலிடுக்கில் ஒழுகியது. மறுபடியும் எடுத்தான். குளிர் போகும்வரை அப்படியே நின்றான். ஜோசப்பின் கம்பளியை நெற்றிக்கு மேல் விலக்கிப் பிடித்தாள். அவள் செய்ததெல்லாம் அவ்வளவுதான். அது சத்தியத்தில் சேராது.

தண்ணீர் மயிரில் தங்கினால் போதாது, தோலில் பட்டு ஓட வேண்டும். ஊற்றும்போதே வார்த்தையும் சொல்ல வேண்டும். முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. பதினொரு வயதில் மனப்பாடம் செய்தது ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

"இசபெல்," என்றான். அந்தப் பெயரை அவன் வாயால் சொல்வது அதுவே முதல் தடவை. "பிதாவுடையவும்..."

ஊற்றினான்.

"...சுதனுடையவும்..."

ஊற்றினான். குரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஜோசப்பினின் உதடு அசைந்தது. ஆனால் அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே தேடிப் பிடித்தான்.

"...இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மூன்றாவது தடவை விழுந்த தண்ணீர் நெற்றி வழியாக இறங்கிக் காதோரம் போனது. பிள்ளை முகத்தைச் சுளித்தது. அழவில்லை, ஒரு முனகல் மட்டும். அதற்குப் பிறகு ஒரு மூச்சு. அதற்குப் பிறகு இடைவெளி. அதற்குப் பிறகு இன்னொன்று. அவன் தன் சட்டை நுனியால் அவளுடைய காதோரத்தை ஒற்றி எடுத்தான். ஜோசப்பின் கம்பளியை மூடினாள்.

மூன்று கரண்டித் தண்ணீர்கூட இருக்காது.

பைஸர் திரும்பி வந்தார். டின்னுக்காகக் கையை நீட்டினார். அதில் முக்கால்வாசித் தண்ணீர் இன்னும் இருந்தது. லியனார்ட் கொடுக்கவில்லை.

"இதுக்கு மூடி இருக்கா நானா?"

பைஸர் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இருக்கைக்கு அடியில் தேடி, மூடியை எடுத்துக் கொடுத்தார். எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டு மறுபடியும் பீலிக்கு நடந்தார். ரேடியேட்டர் நிறைய அந்தப் போத்தலோடு ஐந்து நடை நடந்தார்.

வேன் கிளம்பியது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல். ஜோசப்பின் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள். லியனார்ட் டின்னை மூடி, முழங்கால்களுக்கு நடுவே வைத்து, வளைவுகளில் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஜோசப்பின் டின்னைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கோயிலுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, தேயிலை தொடங்குகிற இடம் அவளுக்கும் தெரியும்.

செத்துப்போனவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பதும் அதே ஞானோபதேசப் புத்தகத்தில்தான் இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்வியும் வந்தது. அதற்கும் சரியான விடை எழுதித்தான் லியனார்ட் முதற்பரிசு வாங்கினான்.

அவன் மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.